கவலைக்கு ஒரு நேரம் குறிப்பது எப்படி

"கவலைப்படாதே" என்று சொன்னதும் கவலை விட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொல்லப்பட்டது. கரடி அவர்கள் மனத்தில் வந்துகொண்டே இருந்தது. விரட்டினால் திரும்பி வருவதை, "அப்புறம் வா" என்று தள்ளிப்போடுவது எளிது. உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-இல் முன்வைத்த முறை இதுதான்: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைக்கு. மற்ற நேரத்தில் வரும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு 15 நிமிடமே போதும்.

வேலை முடிந்து வீடு திரும்பி, இரவு உணவுக்கு முன்னால், சுமார் 7 மணி நல்ல நேரம். படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பாவது முடித்துவிடுங்கள். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். இடம் படுக்கையாக இருக்கவே கூடாது. அங்கே கவலைப்பட்டுப் பழகினால் தலையணையைப் பார்த்ததும் மனம் ஓடத் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் மூவறை வீட்டில் தனியிடம் ஏது என்பீர்கள். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சும்மா கிடக்கும் கல்மேசை எதற்கு இருக்கிறது? எம்ஆர்டி ரயில் பயணம் மட்டும் வேண்டாம். இறங்கும் நிலையம் வந்துவிட்டால் பாதியில் நிற்கும், மீதி வீடு வரை கூடவே வரும்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எழுதத் திறந்தால் வாட்ஸ்அப் குழு உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

பகலில் கவலை எட்டிப் பார்த்தால் தலைப்பை மட்டும் எழுதுங்கள்: "மகன், பிஎஸ்எல்இ கணிதம்" (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), "வாடகை ஒப்பந்தம்". நான்கைந்து சொல்லுக்கு மேல் போனால் அங்கேயே கவலைப்பட ஆரம்பித்துவிட்டீர்கள் என்று பொருள். பிறகு "7 மணிக்கு" என்று சொல்லிக்கொண்டு, செய்துகொண்டிருந்த வேலையின் அடுத்த சின்ன அடிக்குத் திரும்புங்கள். அதே கவலை பத்துத் தடவை வரும். வரட்டும், தலைப்பின் பக்கத்தில் ஒரு கோடு போட்டால் போதும்.

7 மணிக்கு அலாரத்தை 15 நிமிடத்துக்கு வைத்துவிட்டுப் பட்டியலைப் படியுங்கள். காலையில் பெரிதாகத் தெரிந்த சில இப்போது சப்பென்றிருக்கும், அவற்றை அடித்துவிடுங்கள். மீதி ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி: நாளை நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உண்டென்றால் என்ன, எப்போது, எங்கே என்று எழுதுங்கள். "வீட்டு உரிமையாளரிடம் பேசணும்" என்பது வெறும் ஆசை. "நாளை மதியம் 12.30, சாப்பாட்டு இடைவேளையில் அழைப்பு" என்பதுதான் திட்டம்.

செய்ய ஒன்றும் இல்லாத கவலைதான் கடினம். அதற்குப் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் மனம் சேர்த்தது. மேலாளர் இரவு 9 மணிக்கு "நாளை பேசலாம்" என்று அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் அந்த இரண்டு சொல் மட்டும்தான் வரும். "வேலை போகப் போகிறது, தவணை கட்ட முடியாது, ஊரில் என்ன சொல்வார்கள்" எல்லாம் வலப்பக்கம். வலப்பக்கத்தில் உள்ளது பொய் என்று சொல்லவில்லை, இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான். இதே கவலையோடு ஒரு நண்பர் வந்திருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்களோ, அதைக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள்.

அலாரம் அடித்ததும், வாக்கியம் பாதியில் நின்றாலும், நோட்டை மூடிவிட்டு எழுந்து நடங்கள். நெஞ்சு படபடப்பாகவே இருந்தால் 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். சாயங்காலம் 5 மணிக்குக் குடித்த கோப்பியில் உள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும். அந்தப் படபடப்பைக் கவலை என்று எண்ணிக்கொள்பவர்கள் நிறைய.

பெரும்பாலோர் தவறுவது இரண்டு இடத்தில். நல்ல நாள் என்று உட்காராமல் விடுவார்கள். அப்படி விட்டால் "7 மணிக்கு" என்ற வாக்கை மனம் நம்பாது. பட்டியல் காலியாக இருந்தாலும் 5 நிமிடம் உட்காருங்கள். மூன்றே நாளில் பலன் தேடுவது இன்னொன்று. இரண்டு வாரமாவது கொடுத்துப் பாருங்கள்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. புதிய துக்கத்தையும் வீட்டில் நடக்கும் அடி உதையையும் 7 மணிக்குத் தள்ளக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், சிங்கப்பூரில் உடனே 1767-ஐ அழையுங்கள். மனநலம் பற்றிப் பேச 1771. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குபவை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எது எத்தனை தடவை வந்தது என்று மருத்துவர் கேட்டால், போட்ட கோடுகளை எண்ணிச் சொல்லிவிடலாம்.