ஆலை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

மதுரையிலிருந்து காலையில் கிளம்பி, வெல்ல ஆலை, மரச்செக்கு, அப்பளக் கூடம் என்று சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப நினைப்பவர்களை நான் அழைத்துப் போகிறேன். புதிதாக வருகிறவர்கள் அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். போன் செய்துவிட்டுப் போவது, பாகு கொதிக்கும் கொப்பரைப் பக்கம் பிள்ளைகளை விடாதது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

மஞ்சள் வெல்லம் கேட்பது

இதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. மார்கழியில் அலங்காநல்லூர்ப் பக்கம் பொங்கலுக்காகக் கொப்பரைகள் ஓயாமல் கொதிக்கும். கரும்புச்சாற்றில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, பொங்கி வரும் அழுக்கை அள்ளி எடுத்து, பாகு பதம் வந்ததும் தொட்டியில் ஊற்றி ஆறவிட்டு உருண்டை பிடிப்பார்கள். அப்படி வருகிற வெல்லம் பழுப்பாகத்தான் இருக்கும். பளிச்சென்ற மஞ்சள் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஹைட்ராஸ் என்ற ரசாயனத்தைப் போட்டு வெளுக்க வேண்டும். அதனால் வெல்லத்தில் தங்கும் சல்பர் டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. வாங்குகிறவர் கண்ணால் பார்த்து அதை எப்படி அளப்பார்?

ஒருமுறை சில குடும்பங்கள், "மருந்து போடாத வெல்லம்தான் வேணும்ணே" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்கள். ஆலைக்காரரும் அவர்களுக்காக ஒரு கொப்பரை தனியாகக் காய்ச்சினார். வந்து பார்த்தவர்கள், "என்னண்ணே, இவ்வளவு கருப்பா இருக்கு?" என்று முகம் சுளித்து, பக்கத்தில் அடுக்கியிருந்த மஞ்சள் உருண்டைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நிறம் குறைந்தால் மண்டியில் விலை கிடைக்காது. அத்தனை வெல்லத்தையும் அவர் நஷ்டத்துக்குத்தான் தள்ளினார். அடுத்த தடவை நான் கேட்டபோது, "காய்ச்சுறேன் தம்பி, வாங்குவாங்களா?" என்றார். இப்போது முன்பணம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் தனிக் கொப்பரை கேட்கிறேன். பழுப்பு பிடிக்காதென்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள், அவருடைய ஒரு நாள் உழைப்பாவது மிஞ்சும்.

செக்கெண்ணெய் கலங்கலாக இருக்கிறதென்று திருப்பிக் கொடுப்பது

ஆட்டிய அன்று அப்படித்தான் இருக்கும். வீட்டில் இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால் கசடு அடியில் தங்கிவிடும். அப்புறம் மேலே தெளிந்ததை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சூட்டோடு பால்கோவா கட்டுவது

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போகிறவர்களுக்கு இது. சூடாக மூடிக் கட்டினால் ஆவி உள்ளேயே நீராக இறங்கும், பால்கோவா சீக்கிரம் கெட்டுவிடும். ஆறும்வரை காத்திருங்கள், அல்லது ஏற்கெனவே ஆறியதைக் கேளுங்கள்.

மதியம் போவது

விடியற்காலையில் போங்கள்.

மூடாக்கு நாளில் அப்பளக் கூடம்

அப்பளம் வெயிலில் காய வேண்டும். வெயில் இல்லையென்றால் அன்று செக்குப் பக்கம் போய்விடுங்கள்.