சின்னப் பிள்ளைக்கு முடி அடர்த்தியாக வரவில்லை என்றால்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் முன் பிள்ளையை என்னிடம் விட்டுப் போகும் அம்மாமார், காய்ச்சல் சளிக்கு அடுத்ததாகக் கேட்பது முடியைப் பற்றித்தான். "டீச்சர், பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்குப் பின்னலே போடுறாங்க, இவளுக்குக் கிளிப் கூட நிக்கல்ல" என்பார்கள். கேட்கும்போதே அநேகமாகப் புதிதாக ஒரு எண்ணெய் வாங்கியிருப்பார்கள். எண்ணெய்ப் போத்தலைத் திறக்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயதைப் பாருங்கள். பிறக்கும்போது இருக்கும் முடி முதல் சில மாதங்களில் கொட்டுவது வழமை. பின்மண்டையில் மட்டும் வழுக்கையாகத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் அது மூடிவிடும். ஒரு வயதில் பூனைமுடி போல மெல்லியதாக இருப்பதும், இரண்டு வயது தாண்டிய பிறகே தடித்த முடி வருவதும் நிறையப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. அப்பாயியிடமும் அம்மாயியிடமும் கேட்டுப் பாருங்கள். "உன் புருஷனுக்கும் மூணு வயசுலதான் முடி வந்துச்சு" என்று பதில் வந்தால், பிள்ளையும் நன்றாக விளையாடி எடை ஏறிக்கொண்டிருந்தால், காத்திருப்பதே போதும்.

அடுத்து, முடி வளரவில்லையா, வளர்ந்து உடைகிறதா, வேரோடு கொட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் காரணம் வேறு. லயத்துக் காம்பராவுக்குள், அதாவது நம் வரிசை வீட்டு அறைக்குள், வெளிச்சம் போதாது. பிள்ளையை வாசலுக்குக் கொண்டு வந்து வகிடு பிரித்துப் பாருங்கள். நுனிகள் ஏறியிறங்கி, முறிந்த மாதிரி இருந்தால் முடி வளர்கிறது, ஆனால் உடைகிறது. ஐம்பது முடி வரை விரல்களுக்கு இடையில் பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக உருவுங்கள். ஒன்று இரண்டு வந்தால் சரி. வலியே இல்லாமல் ஐந்தாறுக்கு மேல் கையோடு வந்தால் கொட்டுகிறது என்று அர்த்தம். தலைமுடி மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் வாராவாரம் அளந்து மனதை வருத்திக்கொள்ளாமல், மாதத்துக்கு ஒருமுறை அதே வாசலில் அதே பக்கம் பார்த்து ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டொக்டரிடம் போனாலும் அந்தப் படங்கள் உதவும்.

திடீரென்று கொட்டினால், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்று யோசியுங்கள். டெங்கு, நிமோனியா மாதிரிக் கடும் காய்ச்சல் வந்து போனால் முடி உடனே கொட்டாது. வேர்கள் ஓய்வுக்குப் போய், சில வாரங்கள் கழித்துத்தான் கொத்தாகக் கொட்டும். அந்த நேரம் மாற்றிய சவர்க்காரத்தின் மேல் பழி போடுவார்கள். ஆனால் காரணம் பழைய காய்ச்சல்தான், பிள்ளை நன்றாகச் சாப்பிட்டால் முடி திரும்ப வரும்.

சாயமும் ரொட்டியும்

நம் பிள்ளைகளுக்கு நான் அதிகம் பயப்படுவது இரத்தக் குறைவுக்குத்தான். இரும்புச் சத்து குறைந்தால் முடி மெலியும், கொட்டும். நம் வீடுகளில் காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல், கூடவே சீனி போட்ட சாயம், அதாவது பால் விடாத தேத்தண்ணி. இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதே கோப்பைதான். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து சாப்பாட்டிலிருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கீரையும் பருப்பும் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே சாயம் கொடுத்தால், கொடுத்ததில் பெரும்பகுதி வீண். சின்னப் பிள்ளைகளுக்குச் சாயமே வேண்டாம் என்று என்னிடம் வரும் ஒவ்வொரு தாயிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். அழுதால் ஆறவைத்த வெந்நீர் கொடுங்கள். நாள் முழுக்கப் பால் மாவைக் கரைத்துக் கொடுப்பதும் சரியில்லை. பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிறு பாலால் நிறைந்துவிட்டால் பிள்ளை சோறும் தொடாது.

முடி என்பதே புரதம்தான். ஆகவே தட்டில் அது இருக்க வேண்டும். அவித்த முட்டை, பருப்பு, கடலை, கௌபி, நெத்தலிக் கருவாட்டை நன்றாகக் கழுவி வறுத்து இடித்த தூள், சம்பளம் கிடைத்த வாரத்தில் கொஞ்சம் கோழி ஈரல். பொன்னாங்காணி, முருங்கைக்கீரை ஏதாவது ஒன்று. அதன் மேல் தேசிக்காய்ப் புளி விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். விட்டமின் சி இருந்தால் கீரையிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். கிளினிக்கில் எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா என்ற சத்துமா தந்தால் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். ஒரு பக்கெட்டை வீடு முழுக்கப் பங்கு போட்டால் யாருக்குமே பலன் இருக்காது. வயிற்றுப் பூச்சி மருந்தையும் தவறவிடாதீர்கள். கொக்கிப் புழு வெறுங்காலில் மண் மிதிக்கும்போது தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் இரத்தம் குடிக்கும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போகும்போதும் பிள்ளைக்குச் செருப்புப் போடுங்கள்.

முடி செம்பட்டையாகி, இழுத்தால் வந்து, காலும் முகமும் வீங்கியிருந்தால் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கும் நேரம் அதுவல்ல. அது கடுமையான போசாக்குக் குறைவாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எண்ணெயும் மொட்டையும்

தேங்காய் எண்ணெய் நல்லது. முடி உடைவதைக் குறைக்கும், சீப்பு சிக்காமல் ஓடும். ஆனால் இல்லாத முடியை எந்த எண்ணெயும் முளைக்க வைக்காது. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சின்னப் பிள்ளையின் தலையில் தேய்க்கவே தேய்க்காதீர்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வாய்க்குள் கொஞ்சம் போனாலே வலிப்பு வரலாம். பேனுக்கு மண்ணெண்ணெய் பூசுவதும் அப்படித்தான், தோல் வெந்துபோகும், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். பேனுக்கு ஈரத் தலையில் பேன் சீப்பால் திரும்பத் திரும்ப வாருங்கள், குறையாவிட்டால் மருந்துக்கடையில் பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களுக்கென்று விற்கும் முடி வளரும் மருந்தையும் பிள்ளைக்குப் போடக் கூடாது.

மாத்தளை முத்துமாரியம்மனுக்கோ கதிர்காமத்துக்கோ நேர்த்தி வைத்திருந்தால் மனநிறைவோடு முடி இறக்குங்கள். ஆனால் "இன்னும் ஒரு மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும்" என்று திரும்பத் திரும்ப மழிக்காதீர்கள். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அங்கே போவதில்லை. மழித்த முடியின் நுனி மொட்டையாக இருப்பதால் தொட்டால் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். மழிக்கும்போது புது பிளேடு போடச் சொல்லுங்கள், போடுவதைக் கண்ணால் பாருங்கள்.

மலைக்குப் போகிற அவசரத்தில், சாயங்காலம் வரை கலையக் கூடாது என்று இறுக்கிக் குடுமி போட்டு ரப்பர் வளையம் மாட்டிவிடுகிறோம். நெற்றியோரமும் காதுக்கு மேலும் முடி மெலிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். தளர்த்தி, துணி சுற்றிய வளையம் போடுங்கள். ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் முடி திரும்ப வரும், வருஷக்கணக்கில் இழுத்தால் வராமலே போகலாம். கலைந்தால் நான் வாரிவிடுகிறேன், எந்தப் பிள்ளைக் காம்பராவிலும் அதைச் செய்வார்கள். குளிருக்குக் கம்பளித் தொப்பி போடுவதால் முடி வளர்வது நிற்காது. ஆனால் ஒரே தொப்பியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போடக் கூடாது, ஈரத் தலையில் மாட்டவும் கூடாது.

அப்படிச் சொல்லக் காரணம் தலையில் வரும் படர்தாமரை. வட்டமாகச் செதில் உதிரும், அந்த இடத்தில் முடி கறுப்புப் புள்ளி மாதிரி முறிந்து நிற்கும், சில நேரம் கழுத்தில் நெறி கட்டும், சீழும் வைக்கும். சீப்பு, தொப்பி, தலையணை, பூனைக்குட்டி வழியாகப் பரவும். பூச்சு மருந்து முடியின் வேர் வரை போகாது, வாரக்கணக்கில் உள்ளே குடிக்கும் மருந்து வேண்டும். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள். செதில் இல்லாமல் காசு மாதிரி வழவழவென்று ஒரு இடம் காலியானால் அது புழுவெட்டு. எந்தப் பூச்சியும் கடித்து வருவதல்ல, மற்றவருக்குத் தொற்றவும் தொற்றாது, உடம்பின் பாதுகாப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. உள்ளிப்பூண்டு தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

கிளினிக்குக்கு எப்போது?

மேலே சொன்ன வட்டங்கள், கொத்தாகக் கொட்டுதல், எடை ஏறாமை, வெளிறிய கண்ணிமை, மண்ணோ சுவரோ தின்னும் பழக்கம், ஓயாத மலச்சிக்கலும் வறண்ட தோலும், இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது தைரொய்ட் குறைவாக இருக்கலாம். இரண்டு வயது தாண்டியும் முடி மிகக் குறைவாக, பல்லும் பிந்தி, கூர்மையாக முளைத்திருந்தால், வெயிலில் ஓடும்போது பிள்ளைக்கு வியர்க்கிறதா என்று பாருங்கள். முடி, பல், நகம், வியர்வைச் சுரப்பி எல்லாம் கருவில் ஒரே படலத்திலிருந்து உருவாகின்றன, அதனால் அங்கே ஒரு பிறவிக் குறை இருந்தால் எல்லாவற்றிலும் சேர்ந்தே தெரியலாம். நம் குளிரில் வியர்க்காததை யாரும் கவனிப்பதில்லை, கொழும்புக்குப் போகும்போதோ காய்ச்சலிலோதான் உடம்பு கொதித்து ஆபத்தாகும். இப்படியான பிள்ளையைப் பேராதனையிலுள்ள சிறுவர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போகத் தயங்காதீர்கள்.

ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்று தெரியும். அதனால் தோட்டத்துக் கிளினிக் நாளில் முதலில் மிட்வைஃப்பிடம் காட்டிக் கேளுங்கள், அவர் கடிதம் தந்தால் வேலை சுலபம். வளர்ச்சிப் பதிவேடு, ஃபோன் படங்கள், பூசிய எண்ணெய், கொடுத்த மருந்து எல்லாம் கையில் இருக்கட்டும். பிள்ளை காலையிலிருந்து என்னென்ன குடிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இரும்புச் சத்து மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ள பிள்ளைக்கும் இரத்தம் குறைவாகவே காட்டும், அதற்கு இரும்பு கெடுதல் செய்யலாம். பரிசோதித்து டொக்டர் தந்தால், சொன்ன மாதங்கள் முடியும்வரை கொடுங்கள். மலம் கறுப்பாகப் போவது வழமை. முடியில் மாற்றம் தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள். போத்தலைப் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் வையுங்கள், இனிப்பாக இருக்கிறது என்று சின்னப் பிள்ளை மொத்தமாகக் குடித்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்து.