ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில் முதலில் எண்ணெயைக் கேளுங்கள்

இங்கிலாந்தில், அதிலும் யார்க்‌ஷயர் பக்கம், ஃபிஷ் அண்ட் சிப்ஸ் (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும், தடிமனாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கும்) ஆர்டர் கொடுக்கும் முன்பே 'எதில் பொரிக்கிறீர்கள்?' என்று கேட்டுவிடுங்கள். அங்கே பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிப்பார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸும் அதிலேயேதான். அதனால் மாட்டிறைச்சி தொடாதவர்கள், சிப்ஸ் மட்டும் வாங்கும் சைவர்கள்கூட கேட்டே ஆக வேண்டும். தாவர எண்ணெய் என்று சொன்னாலும், மீன் பொரித்த அதே எண்ணெயா என்பதைச் சைவர்கள் விசாரித்துக்கொள்வது நல்லது.

காட் மீன் பெரிய பெரிய இதழாக உதிரும். ஹாடக் என்ற இன்னொரு மீனில் லேசான இனிப்பு உண்டு, அதற்கே ருசி அதிகம். கண்ணாடிப் பெட்டியில் காத்திருக்கும் துண்டு வேண்டாம், புதிதாகப் பொரித்துத் தரச் சொல்லுங்கள். பார்சல் என்றால் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். உள்ளே அடைபடும் ஆவியில்தான் மேல்மாவு நமத்துப்போகிறது. சாப்பிடும்போது மீன்மேல் வினிகர் விட்டுக்கொள்ளலாம்.