எடுத்தவர் பெயர் இல்லாத படமா?

காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகள் பற்றிப் பேச ஸ்லைடு தயாரித்தேன். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த வளவின் (வீட்டின் உள்முற்றப் பகுதி) படம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. எடுத்தவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ‘நன்றி: கூகுள்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், கூகுளா கேமராவோடு வந்தது?

முதலில் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ (TinEye) படத்தை ஏற்றித் தேடுங்கள். டின்ஐயில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். மூலப் பக்கம் சிக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியும் பெயர் கிடைக்கவில்லையா? சரி, ஏபிஏ (APA) என்ற மேற்கோள் முறையில் படத்தின் தலைப்பிலிருந்தே குறிப்பைத் தொடங்கலாம். தலைப்பும் இல்லையென்றால் சதுர அடைப்புக்குள் நீங்களே விவரியுங்கள்:

[ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த வளவு]. (தேதி இல்லை).

அப்புறம் இணையதளத்தின் பெயர், படம் இருந்த பக்கத்தின் முகவரி.

இவ்வளவு எழுதினாலும் அது அனுமதி ஆகாது. நான் கடைசியில் ஆத்தங்குடிக்கே பஸ் ஏறிப் போய், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு போனில் படம் எடுத்துவந்தேன்.