கிரீன் கார்டுக்குக் காத்திருந்தபோது மாறிய வேலையும் ஒரு காணாமற்போன படிவமும்

கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டு 214ஆம் நாள் நான் வேலை மாறினேன். பழைய நிறுவனம் எனக்காகப் போட்ட ஐ-140 மனு ஏற்கெனவே ஒப்புதலாகியிருந்தது. 180 நாள் கடந்துவிட்டால், அதே அல்லது அதை ஒத்த தொழிலுக்கு மாற அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. புது நிறுவனத்தின் வழக்கறிஞர் புது வேலையை உறுதிசெய்யும் சப்ளிமென்ட் ஜே படிவத்தை அனுப்பினார், கார்டு வந்தது, நானும் மறந்துவிட்டேன்.

குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் நிரப்பும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. கிரீன் கார்டு முறைப்படி கிடைத்ததா என்று அதிகாரி அப்போது மறுபடி பார்க்கலாம். என்னிடமோ சப்ளிமென்ட் ஜே படிவத்தின் நகல் இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. (கட்டணம் வாங்கும்போது மட்டும் அன்றே பதில் வந்தது!)

தகவல் சுதந்திரச் சட்டப்படி என் குடியேற்றக் கோப்பைக் கேட்டுக் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்தேன். கட்டணம் கேட்கவில்லை. வந்த பிடிஎஃப்பில் பாதிக்கு மேல் என் பழைய பாஸ்போர்ட் பக்கங்கள்தாம். அவற்றுக்கு நடுவே, சற்றுச் சாய்வாக ஸ்கேன் செய்யப்பட்ட சப்ளிமென்ட் ஜே. தொழில் குறியீடு 15-1132. பழைய நிறுவனம் எனக்காகத் தொழிலாளர் துறையிடம் வாங்கிய சான்றிதழிலும் அதே எண். அப்போதுதான் மூச்சு வந்தது.

அதோடு இரு நிறுவனங்களின் பணி விவரக் கடிதங்கள், ஆண்டுச் சம்பளமும் வரியும் காட்டும் டபிள்யூ-2 படிவங்கள், வேலை மாறிய மாதச் சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி எடுத்துப்போனேன். நேர்காணலில் அதிகாரி, "கார்டு வருமுன்பே ஏன் விலகினீர்கள்?" என்று கேட்டார். படிவத்தை நீட்டினேன். இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.