பத்து மாட்டுப் பண்ணைக் கணக்கு எங்கே தவறுகிறது

பத்து கலப்பினக் கறவை மாடு, தலைக்கு 10 லிட்டர், ஆக நாளுக்கு 100 லிட்டர் பால். வங்கிக் கடனுக்கு எழுதும் திட்ட அறிக்கைகள் பலவற்றில் முதல் வரியே இதுதான். முதல் தவறும் இதுதான். பத்து மாடு வைத்திருந்தால் பத்தும் எப்போதும் கறந்துகொண்டிருக்காது.

ஒரு மாட்டின் நாள் கணக்கைப் பார்ப்போம். உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்), அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. 10 லிட்டர் மாட்டுக்கு 5.5 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 165. சொந்த நிலத்துப் பச்சைப்புல் 20 கிலோ 40 ரூபாய், வைக்கோல் 5 கிலோ 30 ரூபாய். ஆக 235. பால் லிட்டர் 36 ரூபாய்க்குப் போனால் வரவு 360, மிச்சம் 125. (விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.) பால் வற்றிய சினை மாடு? அடர்தீவனம் 2 கிலோவாவது வேண்டும். புல், வைக்கோல் சேர்த்தால் 130 ரூபாய். அதாவது கறக்கிற ஒரு மாட்டின் மிச்சத்தை வற்றிய ஒரு மாடு முழுசாகத் தின்றுவிடும்.

இனி பத்தையும் கூட்டுங்கள். பத்தும் கறந்தால் 1,250 ரூபாய். அறிக்கையில் இருப்பது இதுதான். எட்டு கறந்து இரண்டு வற்றியிருந்தால் 740. ஆறு கறந்து நான்கு வற்றியிருந்தால் 230. கூலி, மருத்துவம், வட்டி எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். 305 நாள் கறந்து 13 மாதத்துக்கு ஒருமுறை ஈன்றால் எட்டு மாடு கறவையில் இருக்கும். இடைவெளி 18 மாதமாக நீண்டால் ஆறுகூடத் தேறாது. சினை பிடிக்காத மாட்டை 3 லிட்டருக்கு இழுத்துக் கறப்பவர்கள் உண்டு. அது தின்பதற்கே அந்தப் பால் காசு காணாது.

ஆகவே லாபத்தைத் தீர்மானிப்பது பால் அளவைவிட சினைப்பருவத்தைக் கண்டுபிடிப்பதுதான். பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும். இரண்டைத் தவறவிட்டால் 42 நாள், வற்றிய மாட்டின் தீவனச் செலவில் 5,460 ரூபாய். அறிகுறிகள் இரவிலும் விடியற்காலையிலும்தான் துலக்கமாகத் தெரியும். பகலில் புல் போட வரும்போது மட்டும் பார்த்தால் தெரியாது. பிறப்புறுப்பில் வடியும் கண்ணாடி போன்ற வழும்பு, ஓயாத கத்தல், திடீரெனப் பால் குறைதல், மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நின்று கொடுத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள். காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), மாலையில் கண்டால் மறுநாள் காலையில். ஈன்ற 60 நாளுக்குப் பின் வரும் பருவத்திலிருந்து ஊசி போடலாம். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் கால்நடை மருத்துவரைக் கொண்டு சினை பார்த்துவிடுங்கள். பலர் வயிறு தெரியட்டும் என்று விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வெறும் மாடு என்று அறிகிறார்கள். ஈன்ற தேதி, ஊசி போட்ட தேதி இரண்டும் கொட்டகைச் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த தவறு, பத்தையும் ஒரே மாதத்தில் வாங்குவது. ஒன்றாக ஈன்றவை ஒன்றாகவே வற்றும்; வரவே இல்லாத அந்த மாதங்களிலும் கடன் தவணை நிற்காது. முதலில் ஐந்து, ஐந்தாறு மாதம் கழித்து மீதி ஐந்து. வாங்கும்போது அடுத்தடுத்து மூன்று கறவையை நேரில் நின்று அளந்து பாருங்கள். சந்தைக்கு வரும் மாட்டை முந்தைய வேளை கறக்காமல் விட்டு மடியை நிரப்பிக் காட்டுவது தரகர்களின் பழைய வித்தை. முதல் அல்லது இரண்டாம் ஈத்து மாடு போதும்.

மாட்டை வாங்கிய பிறகு புல் நடுவதும் வழக்கமான பிசகு. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லான கோ-5 முதல் அறுப்புக்கு வரவே 75 முதல் 80 நாள் ஆகும். அதுவரை புல்லை விலைக்கு வாங்கினால் மேலே சொன்ன 125 ரூபாய் தங்காது. அந்த ரகத்துக்குச் சொல்லப்படும் விளைச்சல் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 360 டன், ஏக்கருக்கு ஏறக்குறைய 145. தண்ணீர் இழுபறியான கிணற்றில் பாதியை மட்டும் நம்புங்கள்: நாளுக்கு 200 கிலோ, பத்து மாட்டுக்கு ஒரு ஏக்கர். கூடவே வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனப்பயிர் ஒரு துண்டு நிலத்தில் இருந்தால் புரதச் செலவு கொஞ்சம் குறையும்.

கொட்டகைக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். மாட்டுக்கு 40 சதுர அடி கூரை, வழுக்காத தரை, கிழக்கு மேற்காக நீளம், காற்றோட்டம். டைல்ஸ் பதித்த கொட்டகையில் மாடு கூடுதலாக ஒரு லிட்டர் கறக்காது. மிச்சப்படும் பணத்தை மூன்று மாதத் தீவனத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

தேய்மானத்தை எழுதவே மறந்துவிடுகிறார்கள். 70,000 ரூபாய்க்கு வாங்கிய மாடு ஐந்தாண்டு கழித்து 25,000 ரூபாய்க்குப் போனால் நாளுக்கு 25 ரூபாய் கழிய வேண்டும். காப்பீட்டுக்குக் கட்டும் பிரீமியம் தனி. காப்பீட்டு அடையாளமாக மாட்டிய காது வில்லை அறுந்து விழுந்தால் உடனே தெரிவித்து மறுவில்லை போட்டுக்கொள்ளுங்கள். வில்லை இல்லாத மாடு இறந்தால் இழப்பீடு கிடைப்பது கடினம்.