டைம்ஷீட்டை ஜிராவில் ஏற்றும் ஸ்கிரிப்ட்: எங்கே கவனம் வேண்டும்

மாதக் கடைசியில் எக்செல் டைம்ஷீட்டை வரி வரியாக ஜிராவில் (குழுவின் வேலைகளையும் அவற்றுக்கான நேரத்தையும் பதியும் மென்பொருள்) தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பைத்தானில் நூறு வரிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் போதும். அதில் ஜிராவுக்கு அனுப்பும் பகுதி பத்து வரிதான். மற்றதெல்லாம் தேதி, நேரம், இரட்டைப் பதிவு இவற்றுக்கான காவல். அந்தக் காவலில் கஞ்சத்தனம் வேண்டாம். தவறாக ஏறிய மணிநேரம் நேராக வாடிக்கையாளரின் பில்லுக்குப் போகிறது.

கோப்பில் ஐந்து பத்திகள் போதும், இஷ்யூ எண் (ஜிராவில் அந்த வேலைக்குரிய எண்), தேதி, தொடங்கிய நேரம், நிமிடம், குறிப்பு:

பே-142, 2025-06-05, 17:30, 90, பில் திருத்தம்

நான்காவது பத்தி நிமிடம். மணிக்கணக்கில் வாங்கினால் ஒன்றரை மணி நேரத்தை ஒருவர் 1.5 என்பார், இன்னொருவர் 1.30 என்பார். 1.30-ஐத் தசமமாகப் படித்தால் 78 நிமிடம்தான். 12 நிமிடம் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஜிரா கேட்பது விநாடி, ஆகவே 60-ஆல் பெருக்கி 5400 என்று அனுப்புங்கள்.

தேதியில் ஆண்டு முதலில் வரட்டும். சிங்கப்பூரில் நாம் நாளை முதலில் எழுதுகிறோம். ஆனால் அலுவலக மடிக்கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால், 05/06 என்பதை எக்செல் மே 6 என்று எடுத்துக்கொள்ளும். வேறு வடிவில் வரும் வரியை ஊகித்துத் திருத்தாமல் நிறுத்திவிடுங்கள்.

கோப்பைச் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்க் குறிப்புகள் கேள்விக்குறிகளாகிவிடும். படிக்கும்போது ‘யூடிஎஃப்-8-சிக்’ என்கோடிங் கொடுங்கள். இல்லையென்றால் முதல் பத்தித் தலைப்பின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத குறியொன்று ஒட்டிக்கொள்ளும். பத்தி இருந்தும் ஸ்கிரிப்ட் இல்லை என்று சொல்லும்.

அடுத்தது நேர வலயம். அதிகம் சறுக்கும் இடம் இதுதான். தொடங்கிய நேரத்தோடு +0800 (சிங்கப்பூர் நேரம்) சேர்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் உள்ள +0000-ஐ (உலகப் பொது நேரம்) அப்படியே விட்டால், ஜூன் 5 மாலை 5:30-க்குத் தொடங்கிய வேலை நம் திரையில் ஜூன் 6 அதிகாலை 1:30 என்று நிற்கும். மாலை 4 மணியிலிருந்து தொடங்கும் எல்லா வேலைக்கும் இதே கதி. ஜூன் 30 என்றால் ஜூலைக் கணக்கில் விழும். +0800-இல் முக்காற்புள்ளி கூடாது. பைத்தானின் ‘ஐசோஃபார்மட்’ அதைச் சேர்த்துவிடும், ஜிரா ஏற்காது. ‘எஸ்டிஆர்எஃப்டைம்’ கொண்டு வடிவமைத்து, விநாடிக்குப் பின் .000 என்பதை நீங்களே எழுதுங்கள்.

குறிப்பை வெறும் எழுத்தாக அனுப்ப, ஸ்கிரிப்ட் ஜிராவோடு பேசும் வழியான ஏபிஐ-இன் பதிப்பு 2 வசதி. பதிப்பு 3 அதை ஆவண அமைப்பில் கேட்கும். கூடவே ‘நோட்டிஃபை யூசர்ஸ்’ ஃபால்ஸ், ‘அட்ஜஸ்ட் எஸ்டிமேட்’ லீவ் என்று வையுங்கள். முதலாவது மின்னஞ்சல் மழையைத் தடுக்கும். இரண்டாவது, மீதமுள்ள மதிப்பீடு தானாகக் குறைவதைத் தடுக்கும்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஸ்கிரிப்ட் காட்டும் ரகசியச் சாவிதான் டோக்கன். யாருடைய டோக்கனோ அவர் பெயரில்தான் பதிவு ஏறும். ஒருவர் டோக்கனால் குழு முழுவதற்கும் ஏற்றினால் அத்தனை மணிநேரமும் அவர் தலையில். ஆளுக்கொரு டோக்கன், ஆளுக்கொரு கோப்பு. டோக்கன் என்விரான்மென்ட் வேரியபிளில் (ஸ்கிரிப்டுக்கு வெளியே கணினியில் வைக்கும் மதிப்பு) இருக்கட்டும், ஸ்கிரிப்டுக்குள் வேண்டாம்.

ஒரே வரியை இரண்டு முறை அனுப்பினால் ஜிரா இரண்டாகவே பதியும், தடுக்காது. ஆகவே பக்கத்தில் ஒரு பதிவேடு வேண்டும், எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும். ஆள், இஷ்யூ எண், தொடங்கிய நேரம் மூன்றும் சேர்ந்ததே அடையாளம். பதிவு ஏறியது என்று சொல்லும் 201 பதில் வந்த அந்த நொடியே திரும்பி வந்த ஒர்க்லாக் (நேரப் பதிவு) எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். கடைசியில் மொத்தமாக எழுதலாம் என்று விட்டால், நடுவில் வைஃபை அறுந்ததும் எது ஏறியது என்று தெரியாது. அடுத்த முறை நிமிடம் மட்டும் மாறியிருந்தால், அந்த எண்ணுக்கு ‘புட்’ என்ற திருத்தக் கோரிக்கை அனுப்பித் திருத்துங்கள். பதில் வராமலே நேரம் கடந்தால் உடனே மறுபடி அனுப்பாதீர்கள். பதிவு ஏறியிருக்கலாம், அந்த இஷ்யூவின் ஒர்க்லாக்குகளை எடுத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

முதல் ஓட்டம் எப்போதும் ஒத்திகை: எதையும் அனுப்பாமல் நாள்வாரிக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டட்டும். ஒரு நாள் 720 நிமிடத்தைத் தாண்டினால் நிற்கட்டும். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தில் வேலை நேரத்தைப் பற்றிய 4-ஆம் பகுதிக்குள் வருவோருக்கு நாளுக்கு 12 மணி நேரம் என்பதே பொதுவான உச்சவரம்பு. மற்றவர்களுக்கும் அதற்கு மேல் வந்தால் பெரும்பாலும் தட்டச்சுப் பிழைதான்.

பிழை எண்களில், 404 வந்தால் இஷ்யூ இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள், அதைப் பார்க்க அனுமதி இல்லாதபோதும் அதே எண்தான் வரும். 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) என்றால் பதிலோடு வரும் ‘ரீட்ரை-ஆஃப்டர்’ சொல்லும் விநாடிகள் காத்திருங்கள். பல மாதம் ஓடிய ஸ்கிரிப்ட் திடீரென்று 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) காட்டினால் முதலில் டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள்.